ஏ/பி

புதன்கிழமைப் பாசார் மாலாமில்
மூன்று கிலோ பத்து வெள்ளி.
ஒன்றுதான் தித்தித்தது.
மீதியைப் பற்றிக் கேட்க அடுத்த வாரம் போனேன்,
பழக்காரன் நின்ற இடத்தில்
கைப்பேசி உறை விற்றுக்கொண்டிருந்தார்கள்.

தித்தித்ததன் கொட்டையை
எறிய விடவில்லை திவ்யஷினி.
பழைய பல் பிரஷால் நாரைத் தேய்த்து
ஜன்னல் கம்பியடியில் இரண்டு நாள் காயவைத்தாள்.

கையுறைத் தொழிற்சாலையின் மாவு தலைமுடியில் இருக்க,
விடியற்காலையில்,
பசியாறுவதற்கு முன்னால்,
கத்தரிக்கோல் முனையால் ஓட்டின் ஓரத்தை நெம்பினேன்.
வாய் திறக்காத சிப்பி மாதிரி அடம்.
பிறகு டப்பென்று விட்டது.
உள்ளே பழுப்புத் தோல் போர்த்திய பருப்பு
முதுகு வளைந்து கிடந்தது,
ஸ்கேன் படத்தில் நீ இப்படித்தான்
என்று சொல்ல வந்தேன்.
காட்டு என்பாள்.
அந்தப் படம் போனவனின் பையோடு போனது.

ஈரத் திசு, ஐஸ்கிரீம் டப்பா,
ரைஸ் குக்கர் பக்கத்துச் சூடு.
பதினோராம் நாள் வேர்.
பிறகு ஒரு தண்டு,
அதன் இடுப்பிலிருந்து இன்னொன்று,
இரண்டுக்கும் நடுவில்
நேரம் கழித்து வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாற்போல்
மூன்றாவது.

மாந்தளிர் மேனி என்று பாடிவிட்டார்கள்.
பக்கத்தில் பார்த்தால்
திருடன் உருவிய தொலைபேசிக் கம்பியின் நிறம்.
மூன்றிலும் இலை துவண்டு தொங்க,
செத்துப்போச்சும்மா என்று அழுதாள்.
சாகவில்லை.
தொங்கித்தான் பிறக்கும்,
பச்சை ஏற ஏற நிமிரும்.

செம்பனை நாற்றங்காலில் வேலை செய்யும்
பக்கத்து வீட்டு ரொஸ்லான்
வேலியோரம் நின்று எட்டிப் பார்த்தார்:
"இதில் ஒன்றுதான் பூந்தாதில் வந்தது, கக்.
மற்றது ரெண்டும் தாய் மரத்தின் நகல்."
எது?
"பெரும்பாலும் சின்னது. உறுதி சொல்ல முடியாது."

சோறு தின்னும்போது கேட்டாள்:
"அப்போ அந்த ரெண்டுக்கும் அப்பா இல்லையா?"
தேவைப்படல.
"சின்னது பழுத்தா எப்படி இருக்கும்?"
தெரியாது. இனிக்கலாம். பல் கூசலாம்.
"எப்போ தெரியும்?"
ஏழு வருசம் ஆகும்.
விரல் விட்டு எண்ணினாள்.
பதினாறு.
ரசத்தை ஊற்றச் சொன்னாள்.

வீட்டுக்கார மிஸ்டர் கூயின் ஒப்பந்தம்
பன்னிரண்டே மாதம்.
ஏழாவது வரி: மரம் நடக்கூடாது,
வேர் கால்வாயை உடைக்கும்.
கோலக்கெட்டிலில் நான் மாறிய நான்காவது வீடு இது.
ஒவ்வொன்றிலும் ஆணி அடித்த ஓட்டைக்குக்கூட
முன்பணத்தில் பிடித்தார்கள்.

வாளித் தண்ணீரில் போட்டு
பின்னிய வேரை ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.
ஜடை சிக்கெடுக்கும் அதே விரல்கள்,
அதே "ஆடாம இரு".
பெரியது ஒன்று ரொஸ்லான் வீட்டுப் பின்புறம் போனது.
முதல் வாரமே கெரெங்கா எறும்பு
இலையைத் தைத்துக் குடிவந்துவிட்டதாம்.
இன்னொன்றை
லாரி நிறுத்துமிடத்துக்கு அப்பால்,
யார் நிலமென்று யாருக்கும் தெரியாத மேட்டில் நட்டோம்.
அதைப் பார்க்கப் போகவில்லை.
போகப் பயம்.

சின்னது பெயிண்ட் டின்னில்.
வாடகை வாங்க வந்த மிஸ்டர் கூய்
அதைச் சுற்றி நடந்தார்.
டின்னா, தூக்கலாமா என்றார்.
தூக்கிக் காட்டினேன்.
சரி என்று ரசீது எழுதினார்.

நேற்று ஷிப்ட் முடிந்து வந்தேன்.
ராத்திரி மழைக்கு டின் உள்ளே வந்திருந்தது,
பள்ளிச் சப்பாத்துக்குப் பக்கத்தில்.
மறுபடியும் செம்பு நிறத்தில் நாலு இலை, தொங்கியபடி.
டின்னின் மேல் மார்க்கர் எழுத்து,
பிறப்புப் பத்திரத்தில் எழுதுகிற மாதிரியே:
மாங்கா ஏ/பி
பிறகு ஒரு கோடு.
கோட்டின் மேல் ஒன்றுமில்லை.

அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.
நான் டின்னை வெளியே தூக்கி வந்து,
சாய்த்து,
ஆணியும் கல்லும் கொண்டு
அடியில் இன்னும் இரண்டு ஓட்டை போட்டேன்.
தேங்கியிருந்த தண்ணீர்
சிமெண்டில் இறங்கி
கால்வாய்க்கு வழி தேடியது.