தட்டிக் கேட்டது

சமையலறை அலமாரிக்கென்று வைத்திருந்த பணம்
மார்கேட்டிலிருந்து டிரெய்லரில் ஏறி
சாட்ஸ்வர்த் மேட்டில், எங்கள் கராஜ் வாசலில்
வந்து நின்றது.
பதினாறு அடி. ஃபைபர் கிளாஸ் உடம்பு.
தொட்டால் சுண்ணாம்பாய்க் கையில் ஒட்டும் நீலம்.

பிரகாசன் காரைவிட்டு இறங்கவேயில்லை.
கண்ணாடியை ஒரு சாண் இறக்கி
"விலை படிந்துவிட்டது" என்றான்,
தானாக வந்து படிகிற தூசியைச் சொல்வதுபோல்.
விற்ற கிழவர் சொன்னாராம்:
பின்பக்கம் கொஞ்சம் சோம்பேறி,
மற்றபடி தங்கமான படகு.

தட்டிக் கேட்க ஆளில்லை என்பார்கள்.
எனக்குத் தொழிலே அதுதான்.
ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷமாய்
உள்ளங்கையைக் குழித்து
யார் யார் முதுகிலோ தட்டுகிறேன்,
சளி எங்கே கட்டியிருக்கிறது என்று
விலா விலாவாய்க் கேட்கிறேன்.
காற்றுள்ள இடம் பேசும்.
நீர் கோத்த இடம் பேசாது.

மறுநாள் சனிக்கிழமை.
அவனிடம் ஒரு வார்த்தை இல்லை.
ஸ்க்ரூடிரைவர் பிடியால்
மூக்கிலிருந்து தட்டிக்கொண்டே வந்தேன்.
டிங். டிங். டிங்.
நடுத்தளத்தில் டக்.
மோட்டார் தொங்கவேண்டிய பின்பலகையில்
நனைந்த மாவு மூட்டையைக் குத்தியதுபோல
ஒன்றுமே இல்லை.
"கேட்டதா?" என்றேன்.
கேட்டது.

பழைய இரும்புக் கடை எடைமேடைக்கு இழுத்துப்போனோம்.
டிரெய்லரைக் கழித்தால்
காகிதத்தில் நானூற்று எண்பது கிலோ,
மேடையில் எழுநூற்று எழுபது.
"உள்ளே யாரையாவது ஒளித்து வைத்திருக்கிறீர்களா?"
என்றான் லுங்கிசானி.
அவன் பெயருக்கு ஜூலுவில்
சரிசெய்யுங்கள் என்று பொருளாம்.

தளத்தை ரம்பத்தால் அறுத்துத் திறந்தோம்.
யாரோ என்றோ தூண்டில் செருக முடுக்கிய
ஒரே ஒரு திருகாணி,
அடியில் ஒரு பொட்டு பசை வைக்காமல்.
அந்த ஓட்டை வழியே
முப்பது வருஷமாய்க் கடலைக் குடித்துக் கிடந்தது,
மூழ்காமலிருக்க நிரப்பிய நுரைப்பஞ்சு.
மிதக்கவைக்க வந்ததுதான்
கீழே இழுத்துக்கொண்டிருந்தது.
பின்பலகைக்குள் இருந்த ஒட்டுப்பலகையை
மரம் என்று சொல்ல முடியாது. காப்பித்தூள்.
கரண்டியால் வாரினோம்.

அடியில் ஒரு துளை போட்டு
ஐஸ்கிரீம் டப்பாவை வைத்தான்.
அன்றிரவு கரண்ட் போனது.
ஃபிரிட்ஜ் அடங்கி, பக்கத்து வீட்டு டிவி அடங்கி,
தெரு முழுக்கக் கேட்டது அந்தச் சொட்டு.
எழுந்துபோய் விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன்.
உப்பு. கொஞ்சம் பெட்ரோல்.
ஒன்பது நாள் சொட்டியது.

புரட்டாசி விரதத்தில் இருந்த
மிஸஸ் கிஸ்டசாமி மதில்மேல் தலைநீட்டி,
"உங்கள் ரெசின் நாற்றத்தில்
நான் கற்பூரம் ஏற்றினால்
தெருவே வெடிக்கும்" என்றாள்.
ஞாயிறு மட்டும் கலக்குவதாக ஒப்புக்கொண்டோம்.

ஞாயிறு பார்த்து மறுபடி கரண்ட் போனது.
கோப்பையில் கெட்டியாக்கி விழுந்து
நான்கு நிமிஷம் ஆகியிருந்தது.
ரெசினுக்கு எஸ்காமைத் தெரியாது;
இருபதாவது நிமிஷம் கல்லாகும்.
போனைப் பல்லில் கடித்து வெளிச்சம் காட்டிக்கொண்டு
அவன் கண்ணாடி நாரை விரிக்க
நான் உருளையால் குமிழிகளை
ஓரத்துக்கு ஓட்டினேன்.
"இங்கே" என்பேன், நகர்வான்.
"இங்கே", நகர்வான்.
வாய் அடைத்திருந்ததால்
மன்னிப்பு கேட்க வழியில்லை.
நானும் எதிர்பார்க்கவில்லை.

நவம்பரில் மறுபடி எடைமேடை.
நானூற்று எழுபத்தொன்று.
லுங்கிசானி படகை ஒரு சுற்று சுற்றிவந்து
"மோட்டார் எங்கே?" என்றான்.
"அடுத்த போனஸில்" என்றான் பிரகாசன்.
"அலமாரிக்கு அப்புறம்" என்றேன்.
அவன் தட்டிக் கேட்கவில்லை.

ஹிக்கின்சன் நெடுஞ்சாலையின்
பள்ளம் ஒவ்வொன்றிலும்
பின்னால் அது
காலி டப்பாவாய்ப் பேசிக்கொண்டே வந்தது.