ஐந்து என்று எழுதினேன்

ஞாயிறு காலை ஆறு பத்துக்கு எங்கள் முறை.
ஆறு பதினெட்டுக்கு டாக்டர் நாயக்கர் கூட்டம்.
வேகமானவர்கள்.
ஒவ்வொரு மேட்டிலும் இடுப்பில் கைவைத்து நின்று
எங்கள் முதுகைப் பார்ப்பார்கள்.

உம்கேனி ஆற்றுப் பனி இன்னும் விலகவில்லை.
துருப்பிடித்த கதவைப் பத்துப்பேர் சேர்ந்து திறப்பதுபோல்
கத்திக்கொண்டு எழும்புகின்றன ஹடீடாக்கள்.
மோர்கன் பிள்ளை
(தகப்பன் வைத்த பேர் முருகன்,
பள்ளி ரிஜிஸ்டர் வைத்தது இது)
அடிக்குமுன் நாலு தடவை ஆட்டிப் பார்ப்பார்.
ஐந்தாவதுக்கு நான் மூச்சை அடக்குவேன்.
அதுவும் ஒத்திகைதான்.

தேசிகனும் குபேந்திரனும் சகலைகள்.
ஒரு வீட்டுப் பத்திரத்தில் தொடங்கி
ஆறு வருஷமாகப் பேச்சில்லை.
கல்யாண வீட்டில் வேறு வேறு பந்தி.
இங்கே மட்டும்,
பந்து நேராகப் போனால்,
ஒருவர் புல்லைப் பார்த்து "நல்ல அடி" என்பார்.
மற்றவர் புல்லைப் பார்த்துத் தலையாட்டுவார்.
நாலரை மணிநேரத்துக்கு அது போதும்.

இந்த ஆட்டத்தில் தன் கணக்கைத் தானே எழுதக் கூடாது.
பிள்ளையின் அட்டை என் பையில்,
என்னுடையது அவர் சட்டைப்பையில்.

ஏழாம் குழியில் அவர் பந்து
மாமரப் புதருக்குள் போனது.
தேட மூன்று நிமிஷம்தான் சட்டம்.
பின்னால் நாயக்கர் கடிகாரத்தைத் திருப்புகிறார்.
குரங்கு தூக்கியிருக்கும் என்றார் தேசிகன்.
கேடி பெக்கி முழங்கால்வரை புல்லில் இறங்கினார்.
"இருக்கு, இருக்கு!" என்றார் பிள்ளை
யாரும் தேடாத பக்கத்திலிருந்து.
அவருடைய கால்சட்டை ஓரமாக
அந்தப் பந்து வழுக்கி இறங்கியதை
நான் பார்த்தேன்.
பார்த்துவிட்டு என் காலணிக் கயிற்றைக் கட்டினேன்.
கட்டித்தான் இருந்தது.
ஐந்து என்று எழுதினேன்.

பதினெட்டும் முடிந்து கையெழுத்துப் போடும்போது
என் அட்டையைப் பார்க்கிறேன்:
மூன்றாம் குழிக்கும் ஐந்து.
அங்கே நான் பந்தைத் தொடாமல்
வெறுங்காற்றை வீசினேன்,
பிறகு ஒத்திகைபோல் இன்னொரு தடவை ஆட்டிச் சமாளித்தேன்.
அப்போது பிள்ளை
ஹடீடாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்
என்றல்லவா நினைத்தேன்.

சாப்பாட்டு மேசைக்கு நாலு பன்னி சொன்னோம்.
குடைந்த ரொட்டிக்குள் மட்டன் குழம்பு, வேறொன்றுமில்லை;
மதுரையிலிருந்து வந்த என் நாத்தனார்
பேரைக் கேட்டே எழுந்துவிட்டாள்.
பெக்கி வந்தார். ஒரு பந்தை மேசையில் வைத்தார்.
சிவப்புப் புள்ளி.
பிள்ளை சொந்தப் பேனாவால் வைத்த புள்ளி.
யாரும் பேசவில்லை. குபேந்திரன் ஊறுகாயைத் தள்ளினார்,
தேசிகன் எடுத்துக்கொண்டார்.

"அஞ்சாக்கு," என்றார் பிள்ளை பரிமாறுபவளிடம்.
"பணம் எல்லாம் என் கணக்கு."

பெக்கி என் பக்கம் திரும்பவே இல்லை.
காற்றைப் பொறுக்கிவந்து
மேசையில் வைக்க முடியாது, நல்லவேளை.
அவருக்கு மட்டும் காரம் கூட வேண்டுமாம்.