ஆறு பரப்பு, நாலு குழி

கச்சேரிக்கு எதிர்ப்பக்கம், போட்டோப்பிரதிக் கடையில்
பின்மேசை என்னுடையது.
இருபத்தேழு வருடமாக
மற்றவர்களின் கெஞ்சலை நேர்வரியாக்கிக் கொடுக்கிறேன்.
பக்கத்துக்கு எழுபது ரூபா.
அழுதுகொண்டு சொல்பவர்களிடம் ஐம்பது.

காணி என்றால் என் விரல்களுக்குத் தெரியும்.
'எங்கள் காணியை எங்களிடமே தாருங்கள்' என்ற வரியைத்
திரையைப் பார்க்காமலே அடிப்பேன்.
உறுதி இலக்கம், சீதனமா முதுசமா,
கிணற்றிற் பங்கு, வழிவாய்க்கால்,
முள்ளுக்கம்பிக்கு அங்கால் நிற்கும் பதினொரு பனை.
பனைகள் இன்னும் நிற்கின்றனவா என்று
நான் கேட்பதில்லை.

நேற்று வந்தவர்கள் வேறு மாதிரி.
ஐந்து பேர். ஆளுக்காள் சொந்தமில்லை.
மருந்துக்கடை ஜெசிந்தா, ஓட்டோ நிமலதாசன்,
மூன்றாம் மாடி வாடகை அறையிலிருந்து
கைக்குழந்தையோடு நஸ்லிமா,
ஒரு ரியூசனுக்கும் அடுத்த ரியூசனுக்கும் இடையில்
இருக்க இடமில்லாத இரண்டு பிள்ளைகள்.

'அண்ணை, ஒரு காணிக்கு மனு எழுத வேணும்.'
ஆற்றை பேரிலை?
ஆளை ஆள் பார்த்தார்கள்.
'ஒருத்தற்றை பேரிலையும் வேண்டாம்.'

பழைய எண்ணெய் ஆலை இருந்த வளவு.
மாநகரசபையின் பொறுப்பு.
கடைத்தொகுதி வரப்போகிறதாம், கீழே வாகனத் தரிப்பிடம்.
இவர்களுக்கு வேண்டியது மரம், புல்,
ஒரு தண்ணீர்க் குழாய், நாலு வாங்கு.

எல்லை சொல்லுங்கோ என்றேன்.
வடக்கே நகைக்கடை மதில். தெற்கே வங்கி மதில்.
கிழக்கே ரியூசன் கொட்டில். மேற்கே தெரு.
உள்ளே?
ஒரு வாகை. போன வருடம் பாதி தறித்தது,
திரும்பவும் துளிர்த்துவிட்டது.

நிழலின் அளவை நிமலதாசன் வைத்திருந்தான்:
'காலமை எட்டுக்கு ரோட்டிலை ஏழு ஓட்டோ.
பத்தரைக்கு மூண்டு.
பன்னிரண்டுக்கு ஒண்டு, அதுக்குத்தான் நாங்கள் சண்டை.
பிறகு நிழல் மதிலுக்கு உள்ளை போயிடும்,
நாங்கள் வெளியிலை.'

தேவைக்கான காரணம் என்று ஒரு தலைப்பு இட்டேன்.
'பிள்ளை நடை பழகுது,' என்றாள் நஸ்லிமா,
'மேலை முழுக்க மாபிள். மண்ணிலை விழட்டும்.'
ஜெசிந்தா சொன்னாள்: 'சித்திரையிலை
ஜீவனிப் பைக்கற் பின்னேரத்துக்குள்ளை முடிஞ்சிடும்.
நான் காசுக்கு விக்கிறதை
ஒரு மரம் சும்மா குடுக்கும்.'

நீங்கள்? என்று பிள்ளைகளைக் கேட்டேன்.
பெரியவள் சப்பாத்து நுனியைப் பார்த்தபடி,
'சும்மா இருக்க.'

இருபத்தேழு வருடத்தில்
அந்தச் சொல்லை எந்த மனுவிலும் அடித்ததில்லை.
'ஓய்வு மற்றும் பொழுதுபோக்கு' என்று அடித்தேன்.
அழித்தேன்.
'மனமகிழ்வு' என்று அடித்தேன். அது
திறப்புவிழாக் கல்லில் கிடக்கிற சொல்.
கடைசியில் அவள் சொன்னபடியே விட்டேன்:
சும்மா இருப்பதற்கு.
கந்தோரில் யாராவது சிவப்பு மையால் கோடு போடுவார்கள்,
போடட்டும்.

உரித்தாளர் என்ற இடத்தில் என்ன போடுவது?
வெறுமையாக விட்டால் திருப்பி அனுப்புவார்கள்.
ஒரு சின்னக் கோடு இழுத்தேன்.
இந்த ஊரில் காணியைப் பற்றி நான் எழுதிய
ஆயிரக்கணக்கான தாள்களில்
'என்னுடையது' என்று சொல்லாத தாள் இது ஒன்றுதான்.
நான் நம்பினேனா? தெரியாது.
இரண்டு பக்கம். நூற்றிநாற்பது ரூபா.
ஐந்து பொக்கற்றிலிருந்து சில்லறையாக வந்தது,
வாங்கினேன்.

இன்று மத்தியானம் கடையைப் பாதி சாத்திவிட்டுச்
சைக்கிளில் போனேன்.
படலைக்குப் பூட்டு. மதில் என்னிலும் உயரம்.
மதிலுக்கு மேலே கொஞ்ச இலை,
அவ்வளவுதான் வாகை.
தார் சப்பாத்தில் ஒட்டியது.
அந்த ஒற்றை ஓட்டோ நிழலில் நிமலதாசன்.
என்னைக் கண்டதும் ஒன்றும் பேசவில்லை,
வண்டியை ஒரு முழம் பின்னுக்குத் தள்ளினான்.

முதுகில் வெயில் பட அவன்.
அந்த ஒரு முழத்தில் நான்.
ஒரு மணி மட்டும்
சும்மா நின்றோம்.