நீடாமங்கலம் கேட்

கேட் விழுந்துவிட்டது.
வண்டியை அணைத்துவிட்டுக் கண்ணாடிக்குள் என்னைப் பார்க்கிறாய்.
"நேத்து எங்க விட்டோம்?"
"ஜார்ஜியா. ராத்திரி பஸ்ஸுக்குக் காத்திருக்கோம்."

உலகம் சுற்றும் திட்டம் முழுவதையும்
இந்தத் தண்டவாளத்துக்கு இப்பால் நின்றுதான் போட்டோம்.
வீட்டில் பேசினால் உன் அம்மா காதில் விழும்.
வங்கியில் பேசினால் மேலாளர்
சம்பளமில்லாமல் பதினான்கு மாத விடுப்பா என்று
மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.
இங்கே யாருக்கும் அவரவர் அவசரம்.
மன்னார்குடி வண்டியின் என்ஜினைக் கழற்றி
மறுகோடிக்குக் கொண்டுபோய் மாட்டுவதற்குள்
நாம் ஒரு நாட்டைக் கடந்துவிடலாம்.
நெல் ஏற்றிய சரக்கு ரயிலும் சேர்ந்தால் இரண்டு.

கணக்கு நோட்டு உன் சட்டைக்குள், வியர்வையில் வளைந்து.
சம்பா போட்டு வந்தது விமான டிக்கெட்டுக்கு.
ஆறு மா நிலம் சிங்காரவேலுவுக்குக் குத்தகை,
மோட்டார் காயில் எரிந்தால் அவர் செலவு
என்று எழுதி வாங்கியாயிற்று.
சீட்டு எடுத்த ஒன்றரை லட்சம்தான் தென் அமெரிக்கா.
என் வளையல் இரண்டும்
ஆளுக்கொரு பையாக, ஆளுக்கொரு பூட்ஸாக மாறிவிட்டன.
பை ஏழு கிலோவைத் தாண்டக் கூடாது.
கொள்முதல் நிலையத் தராசில்
ஈரப்பதம் பார்க்கிறவர் சிரிக்கச் சிரிக்க
ஏற்றி, இறக்கி, ஏற்றி
கடைசியில் நீ எடுத்துப் போட்டது பல்பொடி டப்பா,
நான் எடுத்துப் போட்டது பட்டுப்புடவை.
அதை எதற்கு வைத்தாய் என்று நீ கேட்கவில்லை, நல்லவேளை.
இட்லிப் பொடி இருக்கிறது. அதில் பேச்சே இல்லை.

பாஸ்போர்ட் விசாரிக்க வந்த ஏட்டு
"வேலைக்கா?" என்றார். இல்லை.
"சொந்தக்காரங்க யாராச்சும்?" இல்லை.
"கோயில், கீயில்?" இல்லை.
கொஞ்ச நேரம் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்துவிட்டு
எதையோ எழுதினார்.
எட்டிப் பார்த்தேன், கையால் மறைத்துக்கொண்டார்.

வெள்ளரிப்பிஞ்சுக் கூடையோடு செகதாம்பாள் வருகிறாள்.
"இன்னிக்கு எந்த ஊரு?"
"நாளைக்குப் பெரு."
"அங்க வெள்ளரிக்கா காய்க்குமா?"
தெரியவில்லை. நோட்டில் குறித்துக்கொள்கிறாய்.

முதலில் கிழக்கேதான் போவதாக இருந்தோம்.
பினாங்கு, ஜப்பான், அப்புறம் பெருங்கடல்,
நீலப் பேனாவில் அம்புக்குறிகள்.
போன மாதம் இதே கேட்டில் படித்துச் சொன்னாய்:
கிழக்கே போனால் கடல் நடுவே
ஒரு நாள் இரண்டு தடவை வரும்.
மேற்கே போனால் ஒரு நாள் வராமலே போகும்.
சாண்டியாகோவில் இருபத்தாறாம் தேதி
நள்ளிரவுக்குச் சற்று முன்னால் ஏறினால்
ஆக்லாந்தில் இறங்கும்போது இருபத்தெட்டு.
"எந்த மாசம்?" என்றேன்.
நீ சரக்குப் பெட்டிகளை எண்ணத் தொடங்கினாய்.
நானும் எண்ணினேன்.
இருபத்தேழு என்று இருவருமே வாய்விட்டுச் சொல்லாமல்
இருபத்தெட்டுக்குத் தாவினோம்.

ஐப்பசி. நல்ல மழை.
ஆம்புலன்ஸ் அந்தப் புளியமரத்துக்கு நேரே நின்றது.
படுத்திருந்த எனக்கு
நீ கேட்கீப்பரிடம் ஓடுவதும், திரும்பி ஓடிவருவதும்
நனைந்த கண்ணாடியில் விட்டுவிட்டு நீலமாகத் தெரிந்தது.
தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தது நாம் இரண்டு பேர்தான்.

மறுநாள் நோட்டைப் பிரித்தேன்.
எல்லா அம்புக்கும் தலையை அடித்துவிட்டு
வாலில் தலை போட்டிருந்தாய், சிவப்புப் பேனாவில்.
ஜப்பான் கடைசிக்குப் போய்விட்டது.
பினாங்கு வீட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.
விசா, குளிர், பருவமழை எல்லாவற்றையும்
திரும்பவும் முதலிலிருந்து பார்க்க வேண்டும்.
பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அதோ, கேட் ஏறுகிறது.
நீ உதைக்கிறாய். ஸ்டார்ட் ஆகவில்லை.
பின்னால் கரும்பு லாரி, கல்யாண வேன், நாகூர்ப் பேருந்து,
அத்தனையும் ஒரே குரலில்.
"ஜார்ஜியா பஸ்ஸு வந்துச்சா இல்லையா?" என்று கத்துகிறாய்.
"வரும், நீ உதை."