பெயருக்கு விட்ட இடம்

வாடை தொடங்கிவிட்டது.
வள்ளங்கள் டச்சுக்குடாவில் குப்புறக் கிடக்கின்றன.
கடலுக்குப் போகாதவனுக்கு
அமெரிக்கா கிட்ட.

உட்துறைமுக வீதியில் என் கொமினிகேஷன்.
போட்டோப் பிரதி, தட்டச்சு, ரீலோட்,
மூன்று வாரமாய் மேலதிகமாக
இலவச அரசியல் விளக்கம்.

நான் கழுதைக் கட்சி.
சொல்ல வெட்கமில்லை.
மன்னாரில்தானே கழுதை, இங்க மானெல்லோ
என்று நக்கலடிப்பான் இருதயநாதன்.
அவன் யானை.
"பச்சை யானையோ?" என்று கேட்டால் கோபம் வரும்.
அந்த யானைக்குப் போட்ட வாக்கை
இன்னும் பெண்சாதிக்குச் சொல்லவில்லை அவன்.

என் ஆள் நீதவானாய் இருந்த மனுசி,
ஒரு வசனத்தை முற்றுப்புள்ளி மட்டும்
கொண்டுபோய்ச் சேர்க்கத் தெரிந்தவள்.
அவன்ர ஆள் மாட்டுப்பண்ணைக்காரன்.
பல்லுத்தான் சிரிக்கும், கண் கணக்குப் பார்க்கும்.
வரி கட்டாதவன், வாய் மூடாதவன்,
உலகப்படத்தில் எங்களைக் காட்டச் சொன்னால்
மடகாஸ்கரில் விரல் வைப்பான் என்றேன்.

"உன்ர மனுசி திறமோ?
அவவுக்குத் திருகோணமலை எண்டால்
சீனக்குடா எண்ணெய்த் தாங்கியும்
துறைமுகத்தின்ர ஆழமும்தான்."

அதற்கு என்னிடம் நல்ல பதில் ஒன்று இருந்தது.
என்ன பதில் என்று இப்போது நினைவில்லை.

கச்சேரிப் படிவம் நிரப்பக் கிண்ணியாவிலிருந்து வந்த முபாரிஸ்
மிச்சக் காசை எண்ணியபடி கேட்டார்:
"ரெண்டு பேரில ஆரு குறையக் குண்டு போடுவாங்க?"

பிரதி இயந்திரம் மட்டும்
தன் வெளிச்சத்தை இழுத்துக்கொண்டு
போய் வந்தது.

செவ்வாய் பின்னேரம், குடை ஒழுக,
புவனலோஜினி அக்கா.
மகனின் படம் பொலித்தீனுக்குள்.
வழமையான கடிதம். ஐந்தாவது.
முந்திய நாலில்
இரண்டு கழுதைக்கு, இரண்டு யானைக்கு.

"மேன்மைதங்கிய" என்று அடித்து நிறுத்தினேன்.
"பெயருக்கு இடம் விடு தம்பி.
நாளைக்கு ஆரெண்டு தெரிஞ்சிடும்."
இப்பவே போடுவம் அக்கா, வெல்லுறது எங்கட ஆள்தான் என்றேன்.
அவ பார்த்த பார்வையில்
எங்கட என்ற சொல்
மழையில் விட்ட செருப்பாய்ச் சுருங்கியது.

புதன் விடிய ஐந்தரைக்கு
அங்கே எண்ணத் தொடங்கினார்கள்.
கூட வாக்கு எடுத்தாலும் தோற்கலாம் என்ற கணக்கை
இருதயநாதனுக்கு ஆறு தரம் விளங்கப்படுத்தியவன் நான்.
மத்தியானத்துக்குள்
எனக்கும் விளங்கிவிட்டது.

ரோல்ஸ் வாங்கிக்கொண்டு வந்தான்.
ஒன்றை நீட்டினான். வேண்டாம் என்றேன்.
அவன் திரும்பிய பிறகு சாப்பிட்டேன்,
நல்ல உறைப்பு.

இரண்டரைக்கு அக்கா வந்தா.
மாட்டுப்பண்ணைக்காரனின் பெயரை
என் விரல்களாலேயே அடிக்க வேண்டியதாயிற்று,
அதுவும் மேன்மைதங்கியவுக்குப் பக்கத்தில்.
நடுவில் ஓரெழுத்தை விட்டேன்.
கை தவறி என்று இங்கே எழுதமாட்டேன்.

தாளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து
"இதில ஒண்டு குறையுது" என்றா.
இங்கிலீஸ் எழுத்துக்கூட்டத் தெரியாத மனுசி.
இருதயநாதனின் பேப்பர் துண்டை மடியில் வைத்து
ஒவ்வோர் எழுத்தாய் உருவம் ஒத்துப் பார்த்திருக்கிறா,
பிணவறை வாசல்களிலும் முகாம் பட்டியல்களிலும்
பதினாறு வருசம் பார்த்த அதே மாதிரி.

திருத்தினேன்.
பிரதி மூன்று. காசு வேண்டாம் என்றதற்கு
மேசையில் சில்லறையை வைத்தா.
முத்திரையை இருதயநாதன் நக்கி ஒட்டினான்.
நாங்கள் இரண்டு பேரும் அப்போது
ஒன்றும் கதைக்கவில்லை.

அக்கா குடையை விரித்தா.
எதிர் மதிலில் எங்கள் தேர்தலின் பழைய சுவரொட்டி,
நனைந்த பசையோடு தொங்கியது.
கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று
வேட்பாளரின் தாடையிலிருந்து
தின்னத் தொடங்கியிருந்தது.