எட்டடி

வீடு வாங்கிய கிழமை
சட்டத்தரணி குகனேசன் வரைபடத்தை விரித்து
பென்சில் முனையால் ஒரு கீற்றைத் தட்டினார்.
ஈஸ்மென்ட் என்றார். வழியுரிமை.
இரண்டு வீட்டுக்கும் நடுவால் எட்டடி ஒழுங்கை.
நாலடி உங்களது, நாலடி பக்கத்து வீட்டுக்காரருடையது.
எட்டடியாலும் இரண்டு பேரும் கடந்து போகலாம்.
தரிக்கக் கூடாது.

அப்படியொரு முத்திரை முன்பு
என் கடவுச்சீட்டிலும் இருந்தது.
மொஸ்கோ விமானநிலையக் கதிரையொன்றில்
பதினொரு மணித்தியாலம்
கடந்துகொண்டே இருந்தேன்.

ஈஸ்ட் யோர்க்கில் முப்பத்தோராம் ஆண்டு கட்டிய வீடு.
நிலக்கரி வண்டிக்கு அளந்த அகலம்.
எங்கள் வான் கண்ணாடிகளை மடித்துக்கொண்டு
மூச்சைப் பிடித்துப் போகும்.

மற்ற நாலடிக்காரர் ஸ்தோயன், மசிடோனியர்,
கூரை வேலையில் முழங்காலைக் கொடுத்தவர்.
பியூக்கை நடுவழியில் விட்டுவிட்டு
சிவப்பு மிளகாய்ப் பெட்டிகளை ஒவ்வொன்றாய் இறக்குவார்.
ஐந்து விரலையும் விரித்துக் காட்டுவார்: ஐந்து நிமிடம்.
அந்த ஐந்து நிமிடங்களை நான் கொப்பியில் எழுதினேன்,
திகதி, நேரம், இலக்கத்தகடு.
நிரூபனா கூட்டிப் பார்த்தாள்.
"பத்தொன்பது மணித்தியாலம். வட்டியும் போடுங்கோ."

மூன்றாம் வருடம் வேலி போட நினைத்தேன்.
என் நாலடிக்குள், என் மண்ணில், என் மரக்குத்தி.
குகனேசன் தலையாட்டியது போனில் கேட்டது.
"உங்கட நிலம்தான். வரி நீங்கள்தான் கட்டவேணும்.
அதில ஆரும் வழுக்கி விழுந்தால்
வழக்கும் உங்கட பேரிலதான் வரும்.
மறிக்க மட்டும் ஏலாது.
அவர் செத்தாலும் போகாது, வித்தாலும் போகாது.
ஆளோட போற உரிமை இல்லை இது,
நிலத்தோட ஓடுறது."

வெளியே போய் நிலத்தைப் பார்த்தேன்.
ஓடுவதாகத் தெரியவில்லை.
வெடித்த தார்,
பியூக் சிந்திய எண்ணெயில் ஒரு மஞ்சள் இலை.

அந்த வருடப் பனிக்கு
நாடா பிடித்து நாலடி வழித்தேன்.
நடுக்கோட்டில் நிமிர்ந்து நின்று
சவளைத் தட்டிவிட்டு உள்ளே வந்தேன்.
அவருடைய நாலடியை மகள் லில்யானா வழித்தாள்.
இரண்டு பக்கமும் சுவர், எறிய வேறு இடமில்லை,
இருவரும் நடுவிலேயே எறிந்தோம்.
விடிய, இடுப்பளவில் ஒரு வரப்பு
உறைந்து கல்லாகிக் கிடந்தது.
நான் வேலைக்குப் பஸ்ஸில் போனேன்.
பியூக் பின்வளவில் கிடந்தது.
வரப்பு யாருடையது என்று உறுதியில் இல்லை.

பெப்ரவரியில் ஒருநாள், இரவு இரண்டரைக்கு
அம்புலன்ஸ் வந்தது.
அவர்களுடைய பக்கக் கதவு ஒழுங்கைக்குத்தான் திறக்கும்.
நான் அலவாங்கோடு ஓடினேன். லில்யானா கோடரியோடு.
யார் எந்தப் பக்கத்தை உடைத்தோம் என்று தெரியாது.
சிவப்பு வெளிச்சம் அவர் சுவரிலும் என் சுவரிலும்
மாறி மாறிப் பட்டது.
ஸ்ட்ரெச்சர் என் நாலடியால் போய்
பாதியில் தரித்தது, சில்லு இறுகி.
போர்வைக்கு வெளியே ஒரு கை
மெல்ல விரல்களை விரித்தது.

கொப்பியில் எழுதவில்லை.

வைகாசியில் வீடு விலைப்பட்டது.
வாங்கியவர்கள் இளம் சோடி,
அவர்களுடைய மின்கார் எங்கள் வானிலும் அகலம்.
ஒரு பின்னேரம் இருவரும் குந்தியிருந்து நாடா பிடித்தார்கள்.
நாலடி என்றாள் அவள்.
நாலடியா என்றான் அவன்.
நான் யன்னல் சீலையை விட்டேன்.

இன்று முதல் பனி.
தேத்தண்ணியோடு பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.
வழித்துக்கொண்டு வருகிறான்,
புதுச் சவள், நல்ல வேகம்.
நடுவில் வந்து நிமிர்கிறான்.
அந்த இடம் எனக்குத் தெரியும்.

பனிச்சப்பாத்தில் ஒன்றைக் காணவில்லை.
நிரூபனா, மற்றது எங்கே?