பதினோரு வரிக் குறிப்பு

அவரைப் பற்றி நான் அடித்த முதல் குறிப்பு
பதினோரு வரி.
ஃபியாக்ரா லாவெல். கால்நடை மருத்துவர்.
மாவட்ட மன்றத்தில் இரண்டு முறை.
தற்போது மீன்வளத் துறை இணையமைச்சர்.
மனைவியின் பெயரில் ஒரு எழுத்தை விட்டுவிட்டேன்,
செயலர் சிவப்பு மையால் வட்டமிட்டார்.
அயர்லாந்துப் பெயர்களில் பாதி எழுத்துகள்
கல்யாணத்துக்கு வந்து
வாயே திறக்காமல் சாப்பிட்டுப் போகிறவை.
ஆனால் பந்தியில் இலை போட்டாக வேண்டும்.

மார்ச் பதினேழு அவர்கள் பெருநாள்.
அன்றைக்கு அமைச்சர்களைத் திசைக்கொருவராக அனுப்புவார்கள்,
சீர்வரிசைத் தட்டுகளைப் போல.
பெரிய தட்டு வாஷிங்டனுக்கு.
டெல்லிக்கு வந்தது
ஓரத்தில் இருந்த வெற்றிலைத் தட்டு.

மல்ச்சா மார்க் முழுக்கச் செமல் பூ,
நம் இலவம்தான், சக்கரத்தில் நசுங்கிக்கொண்டிருந்தது.
அவர் எதையும் பார்க்கவில்லை. போனில் இருந்தார்.
மீன் பற்றி அல்ல.
யாரோ திருமதி டஃபி, வீட்டு வாசலில் வடிகால் அடைப்பு.
இந்தியா கேட்டை இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள்
ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்
தண்ணீர் ஓடத் தொடங்கியது.
பிறகு என்னிடம் சொன்னார்:
"சாவு வீட்டுக்குப் போகாதவனுக்கு
எங்கள் ஊரில் ஓட்டு விழாது."
எங்கள் ஊரிலும் அப்படித்தான் என்றேன்.
எந்த ஊர்? நான் பிறந்ததே முனிர்க்காவில்.

ஆறு வருடம் கழித்து
குறிப்பு இருபத்து நான்கு வரியாகியிருந்தது.
சுகாதார அமைச்சர். மாண்புமிகு.
எனக்கும் அவருக்கும் நடுவே ஐந்து கோட்டுகள்.
நர்சுகளை அழைத்துப் போக வந்திருந்தார்.
ஓட்டல் அரங்கில் மூன்றாம் வரிசையிலிருந்து
நாகர்கோவில் ஸ்டெல்லா ஜெபக்கனி எழுந்தாள்:
"என் சான்றிதழ் எட்டு மாதமாக
உங்கள் மேசையில் தூங்குகிறது, சார்."
ஐந்து கோட்டுகளும் திரும்பிப் பார்த்தன.
அவர் பேனா எடுத்து
உள்ளங்கையில் அவள் பெயரை எழுதிக்கொண்டார்.
எழுத்துக்கூட்டிக் கேட்டு. ஒன்று விடாமல்.

அப்புறம் அங்கே மருத்துவமனை நடைவழிகளில்
கிழவர்கள் ஸ்ட்ரெச்சரிலேயே விடிய விடியக் கிடந்தார்கள்.
படங்கள் இங்கே வரைக்கும் வந்தன.
அவர் சரி செய்வேன் என்றார்.
செய்யவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

தேர்தல்.
அங்கே மை கிடையாது, பென்சில்தான்.
ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்பத்தைக் குறிப்பார்கள்.
முதலாவது ஆள் தோற்றால் ஓட்டு சாகாது,
இரண்டாவது பெயரிடம் நடந்துபோகும்.
அவரும் தோற்றால் மூன்றாவது.
பொண்ணு பார்க்க வந்தவர்களைப் பற்றி
அம்மா போட்டு வைத்திருந்த பட்டியல் மாதிரி.
நள்ளிரவு தாண்டி, போர்வைக்குள் போன் வெளிச்சம்.
ஏழாம் சுற்று. எட்டு.
பக்கத்தில் என் வீட்டுக்காரர்,
பட்டியலில் மூன்றாவது, குறட்டை விட்டபடி.
பதினோராம் சுற்றில்
எண்பத்து மூன்று ஓட்டு குறைவு.

காலையில் அலுவலகத்தில் குறிப்பைத் திறந்தேன்.
'முன்னாள்' சேர்த்தேன்.
மாண்புமிகுவை எடுத்தேன்.
ஆங்கிலத்தில் ஒவ்வொரு வரியையும்
இறந்தகாலத்துக்குத் தள்ள வேண்டியிருந்தது:
இருந்தார், வகித்தார், தலைமையேற்றார்.
முதல் வரியில் கை நின்றுவிட்டது.
மனசுக்குள் தமிழில் சொல்லிப் பார்த்தேன்.
அவர் கால்நடை மருத்துவர்.
வினைச்சொல்லே இல்லை.
எந்தக் காலத்தை மாற்றுவது?

போன மாதம் ஸ்டெல்லா அங்கிருந்து எழுதியிருந்தாள்.
வார்டில் ஒரு நோயாளியைப் பார்க்க வந்தாராம்,
பூட்ஸில் சாணி. தலைமை நர்ஸ் திட்டி அனுப்பினாளாம்.
திருமதி டஃபி வீட்டுப் பசு இரட்டைக் கன்று போட்டதாம்.

இங்கே எங்கள் சந்தில்
மூன்று வாரமாகச் சாக்கடை அடைத்துக் கிடக்கிறது.
கவுன்சிலர் போன் எடுப்பதில்லை.
நேற்று ராத்திரி, கொசுவத்தியைப் பற்றவைக்கும்போது,
அவருக்கு ஒரு வரி எழுதலாமா என்று
ஒரு நிமிஷம்
நிஜமாகவே நினைத்தேன்.